நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில்

திண்டிவனம் கோர்ட்டுக்கு ஆரோக்கியராஜ் வருவது இது நான்காவது தடவை. முதல் தடவை நீதிபதி விடுப்பு. இரண்டாவது தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு. மூன்றாவது தடவை எல்லோரும் வந்திருந்தார்கள், திருடனைத் தவிர. அவனை ஜெயிலிலிருந்து கூட்டிவர வேண்டிய போலீசார் ஏதோ ஊர்வல பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள்.

"பொண்டாட்டி செத்ததுக்குக்கூட நீ இவ்ளோ லீவு எடுக்கலியேப்பா" என்றார் அவன் வேலை பார்க்கும் விழுப்புரம் பைக் ஷோரூமின் மேனேஜர்.

உண்மைதான். அதற்கு அவன் எடுத்தது மூன்று நாள்.

போன ஏப்ரலில் ரோஜாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது, திண்டிவனத்து வீட்டில் டிவியும் மிக்ஸியும் கேஸ் சிலிண்டரும் இல்லை. தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் ரோஜாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'நல்லடக்கம் மாலை 4 மணி' என்று போட்டிருந்தார்கள். திருடனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

டிவி ஒரு மாதத்தில் கிடைத்துவிட்டது. கூட்டேரிப்பட்டில் ஒரு பரோட்டாக் கடை. சுவரில் மூன்று மயிலம் முருகன் படங்கள், நடுவே வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டிய டிவி. சாப்பிட வந்த ஏட்டுக்குப் பொறி தட்டியது. டிவியை விற்ற சக்கரபாணி அடுத்த மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இன்று சக்கரபாணி வந்திருந்தான். கோர்ட் வராந்தாவில் காவலர் ஒருவர் அவன் விரல்களைக் கோத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், புதிதாகக் கல்யாணமானவர்களைப் போல.

"சார், நல்லாக்கிறீங்களா?" என்றான் சக்கரபாணி.

ஆரோக்கியராஜ் தலையாட்டினான். வேறு யாரும் அவனிடம் இதைக் கேட்பதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் கிறிஸ்டீன் சாவுன்னாதான் வருவேன். எங்க சாவுல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல. வீட்டக் கழுவிவுட்டுக்கினு அங்கியே இருப்பாங்க. தொழிலுக்கு ஆவாது. நீங்கதான் குடும்பத்தோட பூட்டிக்கினு போவீங்க."

"யோவ், வாய மூடுய்யா" என்றார் காவலர்.

"இருய்யா, ஒரே வார்த்த. சார், எடுத்தது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா பகல்ல எடுத்தேன் சார். நைட்டுன்னு எழுதிக்கிறாங்க. அதான் பேஜாரு."

உள்ளே அரசு வழக்கறிஞர் சுப்பராயலு ஆரோக்கியராஜைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "பொழுது போனப்புறம் வீடு பூந்தா பெரிய செக்ஷன். அதுக்கு முன்னாடின்னா சின்னது. சின்னதுன்னா இவன் ஒத்துக்குவான், பத்து மாசம் உள்ள இருந்ததையே தண்டனையா கழிச்சுக்கினு இன்னிக்கே ஜாலியா போயிடுவான். பெருசுன்னா இன்னும் ரெண்டு வருஷம் களி. நீங்க நைட்டுன்னு சொல்லிட்டு எறங்குங்க. ஒரு மணி பஸ்ஸப் புடிச்சிடலாம்."

நாலு மணிக்குப் பூட்டியது, எட்டு மணிக்கு வந்தது. நடுவில் ஆறரைக்குச் சூரியன் இறங்கியது. அந்த நாளில் சூரியன் இருந்ததா என்பதே ஆரோக்கியராஜுக்கு நினைவில்லை. யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள், ஒன்றும் நினைவில்லை. நைட்டு என்பது சின்ன வார்த்தை. சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

கூண்டேறிச் சொன்னான். "நைட்டு நடந்துச்சுங்க."

நீதிபதி அம்மாள் அதைச் செந்தமிழாக்கிச் சொல்ல, தட்டச்சர் அடித்தார். இலவச சட்ட உதவியில் சக்கரபாணிக்குக் கிடைத்த வக்கீல் அன்புச்செல்வி எழுந்தாள். வேலைக்குப் புதுசு; கோட்டு இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"டிவி சுவத்துல மாட்டியிருந்துச்சா?"

"ஆமா."

"பிடுங்கி எடுத்தாங்களா, கழட்டி எடுத்தாங்களா?"

"கழட்டி. நாலு ஸ்க்ரூவையும் ஒரு கிண்ணத்துல போட்டு வச்சிருந்துச்சு."

எதிர்க் கூண்டிலிருந்து சக்கரபாணி பெருமையாகச் செருமினான்.

"எதிரி சக்கரபாணி ஃபேன் போட்டுப் பாத்திருக்கார், சுத்தல. அன்னிக்கு வீட்ல கரண்ட் இருந்துச்சா?"

சுப்பராயலு எழுந்தார். "திருட வந்தவனுக்குக் காத்து வரலன்னு புகாராம்மா?"

நீதிபதி சிரிக்காமல், "சாட்சி சொல்லட்டும்" என்றார்.

ஆரோக்கியராஜ் யோசித்தான். ரோஜாவைக் கிடத்த ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் மெயினிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். பெட்டியை எடுத்துப் போகும்போது ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எட்டு மணிக்கு எடுத்து மாட்டியது அவன்தான். கட்டையின் சொரசொரப்புகூட விரலில் வந்தது. இத்தனை மாதத்தில் அந்த நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் சாமான்.

"இல்லீங்க. நான் வந்துதான் ஃபியூஸ் போட்டேன். அதுவரைக்கும் கரண்ட் கிடையாது."

"அப்ப ஆறரைக்கு மேல வீடு கும்மிருட்டு. இருட்டுல நாலு ஸ்க்ரூவக் கழட்டிக் கிண்ணத்துல போட முடியுமா?"

"செல்போன் லைட்டு அடிச்சிருப்பான்" என்றார் சுப்பராயலு.

"ஒரு கையில டிவி, ஒரு கையில ஸ்க்ரூடிரைவர். மூணாவது கை யாருது சார்? நீங்கதான் ஒரே ஆள்னு குற்றப்பத்திரிகை போட்டிருக்கீங்க."

பின்வரிசையில் இரண்டு வக்கீல்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுப்பராயலுவுக்கு முகம் சிவந்தது.

"சாட்சி பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நைட்டுன்னாரு. இப்ப ஃபியூஸுங்கறாரு. கரண்ட் இல்லன்னு எத வச்சு சொல்றீங்க? கூட யார் இருந்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன். கதவு தெறந்து இருந்துச்சு. சுவிட்சப் போட்டேன், எரியல. டார்ச் கேட்டேன்."

"தனியா வந்தேன்றீங்க. யாரக் கேட்டீங்க?"

இதை ஆரோக்கியராஜ் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எதிரே சக்கரபாணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கைகளின் இரண்டு வருஷம் இவன் பதிலில் இருந்தது.

"ரோஜாவ."

"அது யாரு?"

"என் மனைவி."

"அவங்களத்தானே அடக்கம்..." சுப்பராயலு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆமாங்க. கதவு தெறந்து இருக்கறதப் பாத்து, உள்ளதான் இருக்கான்னு நெனச்சிட்டேன். ரோஜா, டார்ச்ச எடுத்துக் குடு, ஃபியூஸ் போயிருக்குன்னேன். கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் செல்போன் வெளிச்சத்துல நானே போட்டேன்."

தட்டச்சர் தலையைத் தூக்கினார்.

"அம்மா, இத அடிக்கட்டுமா?"

"அடிங்க" என்றார் நீதிபதி.

அதன்பின் வேலை மளமளவென்று முடிந்தது. பகல் என்று திருத்துவதில் ஆட்சேபணை இல்லை என்றார் சுப்பராயலு. குற்றச்சாட்டைத் திருத்திப் படித்து, ஒத்துக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேம்மா. வெள்ள வெயில்ல எடுத்தேன்" என்றான் சக்கரபாணி. பத்து மாதச் சிறைவாசமே தண்டனை. அவனை இறக்கிக் கூட்டிப்போகும்போது ஆரோக்கியராஜின் கூண்டோரம் நின்றான்.

"சார், கோர்ட்ல கெடக்கற டிவிய இன்னிக்கே எழுதிக் குடுத்து வாங்கிக்கங்க. ரிமோட்ட நான் எடுக்கல, கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

காவலர் இழுத்துக்கொண்டு போனார்.

தட்டச்சர் சாட்சியத்தைப் படித்துக் காட்டினார். இருபது வருஷமாக எல்லா வழக்கையும் படிக்கும் அதே வேகம், அதே குரல். "வீட்டிற்குள் நுழைந்ததும் என் மனைவியிடம் டார்ச் கேட்டேன். அவர் பதில் ஏதும் கூறவில்லை. சரிதானா?"

"சரி."

"இங்க ஒரு கையெழுத்து."

ஆரோக்கியராஜ் பேனாவை வாங்கிக் குனிந்தான். கோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தான், மறுபடியும் தெரியவில்லை. உடம்பு குலுங்கத் தொடங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வழக்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்புச்செல்வி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தட்டச்சர் காகிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழுங்க சார், பரவாயில்ல. ஆனா இதும்மேல வேணாம். ஒரிஜினல்."