மெஷினுக்கு ஒரு கூட்டாளி

துபாயிலிருந்து வந்து இறங்கிய அன்சார், இனிமேல் போக மாட்டேன் என்றான். மனைவி ஷமீராவுக்கு அந்த ஒரு சொல் போதும். கல்யாணமான நாளிலிருந்து அவள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் டெலிபோனோடுதான்.

திருத்துறைப்பூண்டியில் அறுப்புக்கு ஆள் கிடைக்காத காலம். பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் வளைகுடாவில். எனவே தவணையில் ஓர் அறுப்பு மெஷின் வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனி தொடங்குவதென்று முடிவாயிற்று. வயலைப் பற்றி அன்சாருக்குத் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்கும் என்பதுதான். ஆகவே ஒரு கூட்டாளி வேண்டும். ஊரில் அதற்கு அரவிந்தன், செல்லதுரை என்று இரண்டு பேர் இருந்தார்கள்.

அரவிந்தன் டிராக்டர் ஓட்டுகிறவன். உழவுக்கு இடையில் புகுந்த தாய்மாமனையே வரிசையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பியவன். அந்தக் கோபத்தில் மாமன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடவில்லை. செல்லதுரை அப்படியல்ல. எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் வரவேற்பவர் வரிசையில் இருப்பார். பெயர் விட்டுப்போனால் உறவே அறுந்துபோகிற ஊரில் இது சாதாரணமில்லை. அன்சார் வீட்டில் கிடந்த பத்திரிகைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

"இத்தனை பேரைத் தெரிஞ்சவரு. வாடிக்கை தானா வரும்."

"வரும் மச்சான். எல்லாரும் ஒரே நாள்ல வருவாங்க," என்றாள் ஷமீரா.

வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு வியாபாரம் புரியாது என்றான் அன்சார். துபாயில் அவன் லிப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன்.

தை பிறந்ததும் எல்லா வயலும் சேர்ந்தாற்போல் பழுத்தன. செல்லதுரைக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. பெரியப்பா மகனுக்கு நாளைக்கு என்றார்; சம்பந்திக்கும் அதே நாளையைக் கொடுத்தார். ஒருவர் மனமும் நோகக் கூடாதென்று, பாதி அறுத்த வயலிலிருந்து மெஷினைக் கிளப்பி அடுத்த ஊருக்கு அனுப்பினார். அது நெல்லை அறுத்ததைவிட வேதாரண்யம் ரோட்டைத் தேய்த்ததே அதிகம். மீதிக் கதிர் நின்றவர்கள் ஏசினார்கள். செல்லதுரையை அல்ல, அவர் உறவாயிற்றே. மெஷினை பாய் வேறெங்கோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அப்புறம் மழை வந்து, நின்றதெல்லாம் சாய்ந்தது. வாடகை கேட்கப் போன அன்சாருக்கு எல்லா வீட்டிலும் நல்ல காப்பி கிடைத்தது.

நம்ம சனங்கதானே தம்பி, மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லி, செல்லதுரை மரியாதையோடு விலகிக்கொண்டார். தவணை கட்ட அன்சார் மறுபடி விமானம் ஏறினான்.

ஷமீரா அரவிந்தனுக்குப் போன் போட்டாள். கூட்டுச் சேர அவனுக்குச் சம்மதம். ஆனால் ஒரு பேச்சு இருக்கிறதென்று இழுத்தான்.

"சொல்லுங்க தம்பி."

"பாய் துபாயிலயே இருக்கணுங்கக்கா. ரொம்ப நல்ல மனுஷன், அதான் பயமா இருக்கு. யாராச்சும் வந்து கண்ணைக் கசக்குனா மெஷினை அனுப்பிருவாரு."

புருஷனை ஊரில் நிறுத்தத்தான் இந்த மெஷின். அவன் ஊரில் இருந்தால் மெஷின் தேறாது. அவள் பேரம் பேசினாள். வருஷம் முழுக்க முடியாது, அறுப்புக் காலத்தில் மட்டும் அவரை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அரவிந்தன் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அன்சார் பேசினான். அடுத்த அறுப்புக்கு லீவு போட்டு வந்து கூடமாட நிற்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டான்.

"வேணாம் மச்சான்," என்றாள் ஷமீரா. "அறுப்பு முடிஞ்சப்புறம் வாங்க."