கயிறு பிடித்த கை

படக்காரர் எந்த நாயின் படத்திலிருந்து கயிற்றை அழித்தாரோ, அந்த நாயின் கழுத்தில் அதன்பிறகு எந்தக் கயிறும் நிற்கவில்லை. சங்கிலி போட்டாலும் சரி, தோல்பட்டை போட்டாலும் சரி, மாட்டிய கொக்கி மாட்டியபடியே தரையில் கிடக்கும். நாய் நான்கடி தள்ளி நின்று காதைச் சொறிந்துகொண்டிருக்கும். இப்படி அந்த ஊரில் மொத்தம் நாற்பத்தொரு நாய்கள். முதல் நாய்க்கு நடந்தபோது பட்டை மட்டரகம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டார்கள். ஏழாவது நாய்க்கு நடந்தபோது கால்நடை மருத்துவர் நாடாவால் கழுத்தை மூன்று தடவை அளந்துவிட்டு, கழுத்தில் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். நாற்பத்தொன்றாவது நாய் ஓய்வுபெற்ற நீதிபதியுடையது. அவர்தான் வீடு வீடாகப் போய் விசாரித்து, கயிறு நிற்காத நாய் இருக்கிற வீட்டு வரவேற்பறையில் எல்லாம் ஒரே ஆள் எடுத்த படம் தொங்குவதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து படக்காரர் வீட்டு வாசலுக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வந்ததில்லை.

படக்காரரின் தொழில், நாய்களை ஊர் சுற்றக் கூட்டிப் போய்ப் படம் எடுப்பது. சொந்தக்காரர்களுக்கு நேரம் கிடையாது. நாயைப் பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். ஆனால் மலை உச்சியில், காற்றில் காது பறக்க, தன்னந்தனியாக நிற்கிற மாதிரி அந்த நாயின் படம் மட்டும் சுவரில் வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று நான்கு நாய்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பும். ஓட்டுவது படக்காரரின் மனைவி. பக்கத்து இருக்கையில் படக்காரர் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து மேகத்தைத் திட்டிக்கொண்டு வருவார். கொண்டை ஊசி வளைவு, ஆற்றுப் பாறை, உப்பு வெளி என்று எங்கே போனாலும் நாயைக் கயிற்றோடுதான் நிறுத்த வேண்டும். அவிழ்த்து விட்டால் ஒரு பட்டாம்பூச்சி போதும், பாறை விளிம்பைத் தாண்டிப் பாய்ந்துவிடும். கயிறு தெரிந்தால் படம் கெட்டுவிடும். அதனால் யாராவது ஒருவர் மறைவாகப் படுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்கு வந்தபின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கயிற்றை மட்டும் அழித்துவிடுவது அவர் வழக்கம்.

அந்த யாராவது ஒருவர் மனைவியைத் தவிர வேறு யார்? பதினோரு வருஷம் அவள் முள்ளில் குப்புறப் படுத்தாள், பல் கிட்டுகிற தண்ணீரில் முழங்காலிட்டாள், பாறைக்குப் பின்னால் பல்லியாட்டம் ஒட்டிக்கொண்டாள். வலது கையைத் தரையில் ஊன்றி, இடது கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பாள். அவர் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் வாத்தைப் பிடித்து அமுக்குவார். அது கீச்சென்றதும் நாய் தலையைச் சாய்க்கும். படம் விழும். பிறகு வாத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் கீழ குனி, தலை தெரியுது" என்பார். பயணம் முழுக்க அவர் அவளிடம் சொன்னது பெரும்பாலும் அவ்வளவுதான். நாய்க்குத் தண்ணீர் வைத்தாளா என்று கேட்பார். அவள் குடித்தாளா என்று கேட்டதில்லை.

ஒரு வருஷம் காலண்டர் கம்பெனிக்காரர்கள் படம் இன்னும் அகலமாக வேண்டும் என்றார்கள். அகலமாக்கியதில் ஓரத்தில் அவள் கையும் வந்துவிட்டது. படக்காரர் கயிற்றோடு சேர்த்துக் கையையும் அழித்தார். மறுநாள் காலை அவள் துணி பிழியும்போது ஒரு முனை தானாக முறுக்கிக்கொள்வதைப் பார்த்தாள். இடது கை மணிக்கட்டோடு காணோம். தொட்டால் இருந்தது, நனைந்தது, சில்லிட்டது, நகம் கீறியது. கண்ணுக்கு மட்டும் இல்லை. கயிறு கழன்று விழும்போது கை ஏன் விழவில்லை என்று அவள் கேட்டாள். "வேலை நடக்குதுல்ல? அந்த மட்டும் தேவலைன்னு நினைச்சுக்கோ" என்றார் படக்காரர். படங்கள் அகலமாக ஆக, ஆறு வருஷத்தில் முழங்கை போயிற்று, பிறகு தோள்வரை போயிற்று. சட்டைக் கை மட்டும் காற்றில் உப்பிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் ஒருவர் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்து, நன்றாக ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டு எழுந்தார்.

கையைத் திருப்பிக் கொடு என்று அவள் கேட்காத நாளில்லை. அழிக்காத படத்தை எடுத்து மறுபடி சேமித்தால் கை வந்துவிடும் என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனால் அழிக்காத படம் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. படக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம்: அழித்துத் திருத்திய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். இடம் அடைக்கிறதாம். வேறு எந்த ஸ்டூடியோவிலும் இதைச் செய்தவனைச் செருப்பால் அடித்திருப்பார்கள். இவர் இதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டார். சரி, நாய் இல்லாத படம் ஏதாவது? இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றைக்கு. அது மார்பளவுப் படம். "ஒரிஜினல் இல்லாம என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு அவர் வாத்தைத் துடைத்து வைப்பார். அதன்பிறகு அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டு காற்றில் மிதந்து வந்து, மேசையில் ணங்கென்று இறங்கும். வைத்த விதத்திலேயே வைத்தவளின் மனசு தெரியும். அவள் அவரை மனதார வெறுத்தாள். வேனை மட்டும் ஓட்டினாள், ஏனென்றால் நாய்கள் அவளுக்குப் பிடித்திருந்தன.

ஊரின் கோபம் வேறு வகை. நாய்கள் யாரையும் கடித்துக் குதறியிருந்தால்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். அவை ஒன்றும் செய்யவில்லை. தங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. அதுதான் ஊருக்குத் தாங்கவில்லை. நீதிபதியின் நாய் முடிதிருத்தும் கடையில் போய்ப் படுத்தது. அவர் எத்தனை தடவை அழைத்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பல் டாக்டரம்மாவுக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்கு அவருடைய நாய் குடிபோய்விட்டது. நாற்பத்தொரு குடும்பங்களின் லட்சணம் இப்படி நடுத்தெருவுக்கு வந்தது. படக்காரரின் வேன் டயரில் ஆணி இறங்கியது. முன்கண்ணாடியில் கல் விழுந்தது. கதவுக் கைப்பிடியில் எதைப் பூசினார்கள் என்று சொல்ல வேண்டாம். கடைசியில் நீதிபதி ஏழு பக்கத்துக்கு மனு ஒன்று எழுதி, நாற்பத்தொரு கையெழுத்தோடு நேரில் கொண்டு வந்தார். ஏழு நாளுக்குள் மேற்படி படங்களில் மேற்படி கயிறுகளைத் திரும்பப் போட்டுத் தரவேண்டியது. தவறினால் மேற்படி வேனும் கம்ப்யூட்டரும் தெருவில் வைத்துக் கொளுத்தப்படும் என்று நல்ல சட்டமொழியில் எழுதியிருந்தது.

படக்காரர் அன்றைக்கே வேலையில் இறங்கினார். கடையில் புதுக் கயிறு வாங்கி வந்து, கூடத்துத் தரையில் வளைத்தும் நீட்டியும் போட்டுப் படம் எடுத்து, ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ஒட்ட ஆரம்பித்தார். கழுத்திலிருந்து கிளம்பி, முன்பு பிடித்திருந்த கை எங்கே இருந்ததோ அதுவரைக்கும் கயிறு. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஒரிஜினல் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னீங்களே?"

"இது வெறும் கயிறு. எந்தக் கயிறா இருந்தா என்ன?"

"அப்ப என் கையையும் போடுங்க."

அவர் சுட்டியை நகர்த்துவதை நிறுத்தினார். மேலே பார்த்து, கண்ணை இடுக்கி, கொஞ்ச நேரம் யோசித்தார். "அது எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் வரலையே" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். சுண்டுவிரல் வளைந்திருக்கும் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் மூன்று இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். மறைவதற்கு முன் எத்தனையோ வருஷம் அவர் கண்ணெதிரே, கேமராக் கண்ணாடி வழியாக அத்தனை பக்கத்தில் இருந்த கை அது. சொல்லாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறு வருஷத்தில் அவள் அழுதது அன்றைக்கு ஒரு தடவைதான்.

மறுநாள் காலை நாற்பத்தொரு நாய்களும் கழுத்தில் கயிற்றோடு வந்து படக்காரர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. முடிதிருத்தும் கடையிலிருந்து ஒன்று, எதிர்வீட்டிலிருந்து ஒன்று, மற்றவை எங்கெங்கிருந்தோ. கயிறுகளின் மறுமுனை ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வீட்டுக்குள் நுழைந்து, காற்றில் ஓரிடத்தில் ஒன்றாகக் கூடி நின்றது. அவள் எழுந்து வெளியே வந்தபோது அந்த இடமும் அவளோடு கூடவே வந்தது. படத்தில் கயிறு எந்தக் கையில் முடிந்ததோ அந்தக் கைக்குத்தான் வந்திருக்கிறது. அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? சொந்தக்காரர்கள் ஓடி வந்து இழுத்துப் பார்த்தார்கள். ஆள் மாற்றி ஆள் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. பிரித்து எடுக்கலாம் என்றால் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஏம்மா, கயித்த விடும்மா!" என்று கத்தினார் நீதிபதி.

"நீங்கதான சார் கயிறு வேணும்னு மனு போட்டீங்க? வந்திருக்கு. பிடிச்ச கை என்னாச்சுன்னு ஏழு பக்கத்துல ஒரு வரி இருக்கா? எனக்குப் படிச்சுக் காட்டுங்க, விட்டுடறேன்."

நீதிபதி உண்மையாகவே பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து ஏழு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பழக்க தோஷம். பிறகு படக்காரர் பக்கம் திரும்பி, "யோவ், அந்தக் கையையும் போட்டுத் தொலைய்யா! கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான பிரிச்சு எடுக்க முடியும்?" என்று எரிந்து விழுந்தார். கூட்டம் ஆமாம் போட்டது. யாரோ கல்லையும் எடுத்துக் காட்டினார்கள்.

ஞாபகத்தில் இல்லாத கைக்கு எங்கே போவது? படக்காரர் தன் இடது கையை மேசைமேல் வைத்துப் படம் எடுத்து, கயிறுகள் முடிகிற இடத்தில் ஒட்டிச் சேமித்தார். கைதானே, எந்தக் கையாக இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் தோளிலிருந்து அவருடைய கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல் முட்டிகளில் கறுப்பு மயிர், கடித்துத் துப்பிய நகங்கள், கட்டைவிரலில் வாத்தை அமுக்கி அமுக்கி வந்த காய்ப்பு. ஊர் வாசலில் நின்று கைதட்டியது. நாற்பத்தொரு நாய்களும் அந்தக் கையைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமின. கை நாய்களைச் சட்டை செய்யவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே அது அவள் முகத்துக்கு நேரே எழும்பி, ஆள்காட்டி விரலை நீட்டி, கீழே, இன்னும் கீழே என்று அவளுக்குச் சைகை காட்டியது.

அவள் நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அந்தக் கையைத் தூக்கி அவர் மூக்குக்கு முன்னால் மேசையில் தொப்பென்று வைத்தாள்.

"அழிங்க."

"என்னது?"

"இதை அழிங்க. பதினோரு வருஷமா உருப்படியா செஞ்ச ஒரே வேலை அதுதான? செய்ங்க."

"கை வேணும் வேணும்னு நீதான் உயிரை எடுத்த. அப்புறம் திரும்பக் கேட்டா என்னால—"

"கேக்க மாட்டேன்."

அவர் அழித்தார். அவ்வளவு சுத்தமாக அவர் வேறு எதையும் அழித்ததில்லை. ஓரத்தில் ஒரு நிழல்கூட மிச்சமில்லை. அவள் காலியான சட்டைக் கையை உதறிச் சரிசெய்து, கண்ணுக்குத் தெரியாத ஐந்து விரலையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். சுண்டுவிரல் வளைந்துதான் இருந்தது. நாற்பத்தொரு கயிறும் அதில் இருந்தன. வாசலுக்கு வந்து, "சாயங்காலம் ஏழு மணிக்குக் கொண்டாந்து விடுவேன். வீட்டுல இருங்க" என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு வழி விட்டது.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஊருக்கு அவள்மேல் இன்னும் கடுப்புதான். நீதிபதி எட்டாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்பத்தொரு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். காய்கறிக்காரர் பையை நீட்டிக் காற்றில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறார். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கடைசிக் கயிறு கடக்கும்வரை வண்டிகளை நிறுத்தி வைக்கிறார். படக்காரருக்குக் கயிறு பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. ஜன்னலிலிருந்தபடி அவர் படம் எடுக்கிறார்: மலைப்பாதையை நோக்கி நாய்கள், அத்தனை கயிறுகளும் விறைப்பாக, காற்றில் ஒரே இடத்தில். கயிறு ஓடுகிற கோணத்தை வைத்து விரல்களை எண்ணுகிறார். உள்ளங்கை எவ்வளவு அகலம் என்று அளக்கிறார். அந்தப் படங்கள் எதையும் அவர் திருத்துவதில்லை, எதன் மேலும் சேமிப்பதும் இல்லை. இடம் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன.

ஒரு சனிக்கிழமை ரப்பர் வாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேனருகே போய், நானும் வரட்டுமா என்று கேட்டார். அவள் கண்ணாடியை இறக்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாய்களே ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. இடம் இல்லை என்றாள். உண்மையாகவே இல்லை. வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியது.