அடுப்பை இடித்தவன்

மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில் அப்பாசாமியைப் போலப் பேச்சுக் குறைந்த மனுசன் கிடையாது. அவன் பெண்டாட்டி அத்தாயி அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ஒரு கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு மறு கன்னத்தால் ஊரையே விரட்டுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். புகையிலை இருந்த கன்னத்தில்தான் வந்தது வினை. ஆறாத புண்ணாக ஆரம்பித்துக் கட்டியானது. பச்சிலைக்கும் மசியவில்லை, பூசாரியின் விபூதிக்கும் மசியவில்லை. அப்பாசாமி அவளைப் புளியஞ்சோலை வழியாக மலையிறக்கி, வண்டியும் ரயிலும் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

வாய்ப்புற்று என்றார் வெள்ளைக்கார டாக்டர். கன்னத்துச் சதைக்குள் ரேடியம் ஊசிகளை வைத்துத் தைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். கட்டி பாதி கரைந்திருந்தது. புண் ஆறியதும் திரும்பி வந்து இன்னொரு தரம் ஊசி வைத்துக்கொண்டால் மீதியும் கரைய வழியுண்டு என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீடு திரும்பிய அத்தாயிக்கு ஆறவைத்த சாமைக் கஞ்சிதான் ஆகாரம். துளி உப்புப் பட்டாலும் கண் கலங்கிவிடும். பேச்சு அடியோடு நின்றுபோனது. அவள் திட்டு விழாத வீடு அப்பாசாமிக்கு யாரோ வேற்றாளின் வீடு மாதிரி இருந்தது.

வாய்தான் ஓய்ந்ததே தவிர, கை ஓயவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் தரையைக் கொத்திப் புதிதாக மெழுகினாள். காற்று நுழைந்த மூங்கில் சுவருக்கு மண் அப்பினாள். முறத்துக்குச் சாணம் பூசிக் காயவைத்தாள். பரணில் விதைகளைத் தனித்தனியாக முடிந்து தொங்கவிட்டு, எது கேழ்வரகு, எது மொச்சை என்று அவனுக்குத் தொட்டுக் காட்டினாள். அப்பாசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை சீக்கிலும் இப்படி ஒரு பொம்பளையா என்று காட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூரித்துக்கொண்டான். ஆம்பளைப் புத்தி அவ்வளவுதான்.

பட்டணம் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவன் அக்காள் சென்னம்மாள் வந்தாள். உடம்பில் அத்தாயியின் கல்யாணச் சேலை.

"அத்தாயிதான் குடுத்தா தம்பி. எனக்கெதுக்கு இனிமே, நீங்க கட்டுங்கன்னு சாடை காட்டுனா. தங்கமான மனசு!"

அப்பாசாமி வீட்டுக்குள் போனான். மெழுகிய தரையையும் பரணில் தொங்கிய முடிச்சுகளையும் அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். அவள் வீட்டைச் சீர்படுத்தவில்லை, ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருவாள், ஊசியும் வைத்துக்கொள்வாள். ஆனால் பிழைத்துத் திரும்புவோம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவளை எந்த ஊசி காப்பாற்றும்?

மறுநாள் காலையில் அத்தாயி குளித்துவிட்டு ஓடையிலிருந்து வந்தாள். அப்பாசாமி கையில் கடப்பாரையோடு நின்றான். அவள் தன் கையால் போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் மெழுகிக் கோலமிட்ட அடுப்பு மண்குவியலாகக் கிடந்தது. அடுப்புப் போடுவதும் பிரிப்பதும் அந்த வீட்டுக்காரியின் பாடு. ஆம்பளை அதில் கைவைப்பது எங்கேயும் நடக்காத காரியம்.

"ஏனுங்க! என்ன வேலை பண்ணிப்போட்டீங்க?"

"கடப்பாரை நழுவி உளுந்துருச்சு புள்ள."

"நழுவுன கடப்பாரை அடுப்போட மூணு குமிழையும் தேடித் தேடியா இடிக்கும்? உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அடுப்புல கைவெக்கிற ஆம்பளைய எந்த நாட்டுலயாச்சும் பாத்திருக்கீங்களா? கஞ்சி காய்ச்ச உங்க தலையிலயா சட்டிய வெக்கறது?"

புண்வாயோடு அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த கோழி கீழே குதித்தது. அப்பாசாமி சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எல்லா வேலையும் முடிச்சுப்போட்டியே புள்ள. சேலையக்கூட அக்காளுக்குக் குடுத்துட்ட. திரும்பி வாரவ எவளாச்சும் கல்யாணச் சேலையக் குடுப்பாளா? ஒரு வேலையாச்சும் உனக்கு இங்க பாக்கி இருக்கட்டும்னுதான் இடிச்சேன்."

அத்தாயி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் இல்லியா?"

இருவரும் அழுது தீர்த்தார்கள். பிறகு அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "மம்முட்டிய எடுங்க. ஓடைக்கரையில நல்ல களிமண்ணா வெட்டியாங்க" என்றாள்.

அப்பாசாமி மம்முட்டியை எடுத்தபடி யோசித்தான். இவள் கைக்கு இது ஒரு வேலையா? பொழுது சாய்வதற்குள் அடுப்பையும் போட்டு முடித்துவிடுவாளே! மறுத்துப் பேசவும் துணிவில்லை. வெட்டி வந்து கொட்டினான். அவள் உமியைத் தூவி, தண்ணீர் விட்டு, மூச்சு வாங்க வாங்க மிதித்தாள். அவன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகக் குழைந்த பிறகு மண்ணை அவள் அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. வாசல் ஓரத்துக் குழியில் தள்ளி, மேலே வாழையிலையைப் போட்டு மூடினாள்.

"இப்பவே போட்டா வெடிச்சுப்போகும். மண்ணு நல்லாப் புளிக்கோணும்" என்று காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "தெனமும் தண்ணி தெளிக்கச் சொல்லி உங்க அக்காகிட்டச் சொல்லுங்க. காய உட்டாங்கன்னா வந்து பேசிக்கறேன். நாம வார வரைக்கும் வேற யாரும் இதுல கைவெக்கக் கூடாது."

"சொல்றேன்."

"அப்பறம், அந்தச் சேலையத் தொவச்சு மடிச்சு வெக்கச் சொல்லுங்க. புது அடுப்புப் பத்த வெக்கற அன்னிக்கு நான் கட்டோணும்."