ஒரு தம்ளர் வெறுந்தண்ணீர்

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று முதலில் சொன்னது பெத்தம்மாள் அத்தைதான். சொந்த அத்தை இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். இராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற சாலையில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அம்மாவும் அவளும் பதினோரு வருடமாக ஒரே மேசையில் துணி சுருட்டியவர்கள். தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

காரணம் அம்மாவின் முகம். மாநிறமான கன்னங்கள் இரண்டும் மூக்கும் செங்கல் நிறத்தில் சிவந்து, அவற்றின்மேல் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. வெயிலில் நடந்தாலும் எரியும், காரம் சாப்பிட்டாலும் எரியும். ஒரு மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினாள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி தடவினாள். இப்படியே எட்டு மாதம் போயிற்று. தெருவில் சிலர் குடிக்கிறாள் என்றார்கள். கம்பெனியில் பெருவியாதி, குஷ்டம் என்றார்கள்.

சூப்பர்வைசர் வைகுண்டராஜ் அம்மாவைக் கூப்பிட்டு, "தாயி, இது காயத்துக்குக் கட்டுற துணி. வாங்க வாரவன் முதல்ல இந்த மேசையைத்தான் பாக்கான். நீ கொஞ்ச நாளைக்குப் பின்னால சலவைக் கொட்டகையில இரு" என்றார்.

"எம்புட்டு நாளைக்கு அண்ணாச்சி?"

"தீபாவளி வரைக்கும். அங்க லீவுல போன ஆளு அப்பம் வந்துருவான். அதுக்குள்ள முகம் தெளிஞ்சா மேசைக்கு வா. இல்லேன்னா நான் என்ன செய்ய?"

அப்பா இறந்த பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட்டது அம்மா சம்பளத்தில்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. என் முன்பற்கள் எல்லாம் மஞ்சளும் பழுப்புமாக, குறுக்கே கோடு கோடாக இருக்கும். ஏழு வயதில் பால்பல் விழுந்து முளைத்தபோதே அப்படித்தான் முளைத்தன. எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பள்ளியில் என்னைச் 'சீயக்கா' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் பாடம் ஒப்பிக்க எழுந்தவள், வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. பேச வேண்டியதை எல்லாம் மிச்சமிருந்த நோட்டுகளில் எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு அது தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வருவார் என்று கேள்விப்பட்டு, நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போனோம். அவர் அம்மாவின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கையில் ஊசியால் லேசாகத் தொட்டு, "உணர்ச்சி தெரியுதா?" என்றார். தெரிந்தது. களிம்பின் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் குப்பைக்கூடையிலேயே போட்டார்.

"பயப்படாதீங்க. இது பெருவியாதி இல்ல. யாருக்கும் ஒட்டாது. குடிக்கிறதால வந்ததும் இல்ல. ரோசேசியான்னு பேரு. இந்தக் களிம்புதான் அதை இம்புட்டுக்கு வளத்திருக்கு."

அம்மா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அடுக்கடுக்காகக் கேட்டார். கடைசியாக எப்போது தூரம் வந்தது, கர்ப்பமாக இருக்க வழியுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, முகம் எப்போதெல்லாம் அதிகமாகச் சிவக்கிறது. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். எந்தெந்த நாள் என்று எனக்குத்தான் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ ஏம்மா வாயப் பொத்திக்கிட்டுப் பேசுற? கையை எடு."

எடுத்தேன். விளக்கைத் திருப்பி என் பற்களைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "கைக்குழந்தையில இவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துச்சா?" என்றார்.

"ஆமா. ரெண்டு மூணு வருசம் விட்டு விட்டு வந்துச்சு. ஒரு கம்பவுண்டர் கலர் மாத்திரை கொடுத்தாரு. கூட்டைப் பிரிச்சு, பொடியைத் தேன்ல கொழச்சு நாக்குல தடவுவேன். கேட்டுச்சு. அதனால பொறவு காய்ச்ச வந்தப்ப எல்லாம் நானே வாங்கிக் கொடுத்துட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பல்லு இப்படி ஆனது தண்ணியால இல்லம்மா. அந்த மாத்திரையாலதான். டெட்ராசைக்ளின். எட்டு வயசுக்குள்ள கொடுக்கக் கூடாது. வயித்துல பிள்ளை இருக்கவங்களும் சாப்பிடக் கூடாது. இப்பம் உங்களுக்கும் அதையேதான் எழுதப் போறேன். மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்ல."

அம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சலுக்கு ஒருநாளைக்கு நாலு கொடுப்போம். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கிருமியைக் கொல்ல இல்ல, தோலோட கொதிப்பை அடக்க. வெறும் வயித்துல, ஒரு தம்ளர் நிறைய வெறுந்தண்ணி. போட்டதும் படுக்கக் கூடாது, நெஞ்சுல ஒட்டிப் புண்ணாக்கும். பால், மோர், சத்து மாத்திரை எதுவும் கூடச் சேரக் கூடாது. முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு மணி நேரம் தள்ளியே இருக்கணும். பாலோட சேந்தா மருந்து ரத்தத்துக்கே போகாது. வெயில்ல முகத்தை மூடிக்கோங்க. தடிப்பு வந்தா, தலைவலியோட கண்ணு மங்கினா, நிறுத்திட்டு உடனே வாங்க. பலன் தெரிய ஆறு வாரத்துக்கு மேல ஆகும். பழைய மாத்திரை, தேதி போன மாத்திரை வேண்டவே வேண்டாம். அது கிட்னியைக் கெடுத்துரும்."

ஒட்டாத வியாதி என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். வைகுண்டராஜ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சீட்டை நான் படிக்கேன் தாயி. வாங்க வாரவன் மூஞ்சியைத்தானே படிப்பான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாட்களிலும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

மாத்திரையைக் காலையில் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். "அஞ்சு மணிக்குப் போட்டா குமட்டுது. அங்க போய்ப் போட்டுக்கிடுதேன்" என்றாள். நான் நம்பினேன். தினமும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். இருபது கோடு, முப்பது கோடு. முகம் ஆறவில்லை. கொட்டகையின் நீராவியில் நின்று வருவதால் சாயங்காலம் இன்னும் சிவந்திருக்கும். நாற்பத்திரண்டாவது கோட்டன்று அம்மா சொன்னாள்: "விடு ஜெயா. ஆண்டவரு கணக்குத் தீக்காரு."

மறுநாள் அம்மா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டகை வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பிளீச்சிங் நெடி நெஞ்சைப் பிடிக்கும் என்று, கொட்டகையில் நிற்பவர்களுக்கு மட்டும் ஷிப்ட் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் கொடுப்பது அந்தக் கம்பெனியில் வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக வைகுண்டராஜின் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும்.

அம்மாவின் முறை வந்தது. முந்தானையை அவிழ்த்தாள். மாத்திரையை நாக்கில் வைத்தாள். அந்தப் பாலை எடுத்துக் குடித்தாள்.

கூப்பிட வாய் வரை வந்தது. வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். என் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. தூக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா வந்து கால் கழுவியதும், "பால்ல போட்டியா?" என்று கேட்டேன்.

"அது சூட்டு மாத்திரைட்டி. எரிக்கிற மாத்திரை. உன் பல்லையே தின்னிருக்கு. என் கொடலை விட்டுருமா? பாலு குளுமைல்லா? அதான்."

"டாக்டரம்மா பால் கூடாதுன்னாங்கல்லா?"

"சொன்னாவ. கேட்டேன். அதுக்கு முன்னால அவிய சொன்னதுதான் எனக்குள்ள நிக்குது." அம்மா சுவரைப் பார்த்துப் பேசினாள். "வாயைத் திறன்னு உன் கன்னத்தை அமுக்கிப் பிடிச்சு நான்தானே தடவுனேன். நீ துப்புவ. வழிச்சு மறுபடியும் உள்ள வைப்பேன். உன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துன மருந்து என் மூஞ்சியை மட்டும் நல்லாக்கணுமோ? எப்படிட்டி அதை நம்பி விழுங்க?"

அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு நோட்டை எடுத்தேன். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அன்றைக்கே எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன். வளர்ந்துகொண்டிருக்கிற பல்லில்தான் அந்த மருந்து போய் ஒட்டும். வளர்ந்து முடிந்த பல்லைத் தொடாது. பாலோடு சேர்ந்தால் வயிற்றோடு வெளியே போய்விடும். ஒருநாளைக்கு ஒன்று, நாலு அல்ல. கீழே நாற்பத்து மூன்று கோடுகள்.

அம்மா கோடுகளின்மேல் விரலை ஓட்டினாள். "இதெல்லாம் வீணா?"

"பாதிக்கு மேல வீண்."

பிறகு நான் செய்ததை முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து அவள் விரலை என் முன்பல்லின்மேல் வைத்தேன். வெளிச்சம் இருந்தது. அம்மா பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"வழவழன்னு இருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆமா. தின்னல. கறைதான் பிடிச்சிருக்கு."

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. "இன்னையிலிருந்து எண்ணுங்க" என்றார். ஐந்து மணி குமட்டலுக்கு வேறு வழி சொன்னார். மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். வேலை விட்டு வந்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். பால் ஆறு மணிக்குக் காலையில். மாத்திரை ஆறு மணிக்குச் சாயங்காலம். இரண்டும் சந்திக்கவில்லை. மாத்திரை போட்டதும் படுக்காமலிருக்க அம்மா முற்றத்தில் நடப்பாள். நான் கோடு போடுவேன். இப்போது அம்மா பார்க்கவே போட்டேன்.

நான்காவது வாரம் கொப்புளங்கள் வற்றத் தொடங்கின. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது வைகுண்டராஜ் அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சிவப்பு முழுதும் போகவில்லை. கன்னத்தில் ரேகை ரேகையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் புண் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"சரி, மேசைக்குப் போ" என்றார்.

பெத்தம்மாள் அத்தை தன் ஸ்டூலைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வாரம் ஆயிற்று. கொண்டுவந்து போட்டுவிட்டு, "அந்தக் கோடியில காத்தே வரமாட்டேங்கு மதினி" என்றாளாம். அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். அட்டையில் ஆறு மிச்சம் இருந்தது. அந்த வாரமே பெத்தம்மாள் அத்தை தன் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வயதுக் குழந்தை. உடம்பு நெருப்பாகச் சுட்டது.

"மதினி, உன் மாத்திரை மிச்சம் கெடக்குல்லா? அரை மாத்திரை தா. தேன்ல கொழச்சுக் கொடுக்கேன்."

"தரமாட்டேன்" என்றாள் அம்மா.

"என்னது?"

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போ. நானும் வாரேன்."

"ஏ யாத்தே! மூஞ்சி தெளிஞ்சதும் மனசு சுருங்கிட்டோ? பக்கத்துல உக்காரலன்னு பச்சப் பிள்ளை மேலயா காட்டுத?"

அம்மாவின் கன்னம் சிவந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். ஏன் என்று சொல்லவேண்டுமானால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். என்னையும் சொல்ல வேண்டும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கேட்கக் கூடாது என்று இருந்தாள்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கையைக் கீழே விட்டேன்.

"அத்தை, என் பல்லைப் பாருங்க."

இரண்டு வீடு தள்ளிப் பதினாறு வருடமாக இருக்கிறாள். பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"இது தண்ணியால வந்தது இல்ல. ஒரு வயசுல அம்மா எனக்கு இந்த மாத்திரையைத்தான் தேன்ல கொழச்சுக் கொடுத்தா. அவளுக்குத் தெரியாது."

அம்மா அட்டையை எடுத்து ஆறு கூட்டையும் பிரித்து, பொடியை அடுப்புச் சாம்பலோடு கொட்டிக் கிளறினாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

பெத்தம்மாள் அத்தை குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, அதன் கீழுதட்டைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தாள். கீழே இரண்டு, மேலே இரண்டு. நான்குதான் முளைத்திருந்தன.

"வா மதினி" என்றாள். "பஸ்ஸு போயிரும்."