கடைசிப் பக்க ஓரம்

அமெரிக்காவின் வடகோடியில் டுலூத்தில் இருந்த கிரெட்டாவும் தெற்கே அல்புகர்க்கியில் இருந்த லாயிடும் பதினோரு வருடமாக ஒரே மீன்பிடிப் பத்திரிகைக்கு வேலை பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவள் பக்கங்களை வடிவமைத்து இணையத்தில் ஏற்றுவாள். அவர் பிழை பார்த்து ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அவள் திருத்திவிட்டுப் பச்சை டிக் போடுவாள். டிக் விழுந்தால் சம்மதம். அதற்கு மேல் பேச்சில்லை.

கடைசிப் பக்க ஓரம் மட்டும் அவர்களுடையது. வேலை முடிந்ததும் லாயிட் அங்கே ஒரு வரி வம்பு வளர்ப்பார்.

"இந்த மீனை இன்னும் பெருசாப் போட்டா கடிச்சிடும், மகாராணி."

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்க, வாத்தியாரே."

விவாகரத்தான வருடத்தில் கிரெட்டாவைச் சிரிக்கவைத்தது அந்த ஓரம் ஒன்றுதான். அதை அவரிடம் அவள் சொன்னதேயில்லை.

அக்டோபர் இதழ் முடிகிற நேரத்தில், ஆசிரியை டோரா கடைசிப் பக்கத்துக்கு ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நுழைத்தாள். நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், கிரெட்டா பதறினாள். மற்ற பக்கங்களைத் திருத்தி முடித்தவள், விளம்பரத்தில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று, எல்லாக் குறிப்புக்கும் சேர்த்து ஒரே சொடுக்கில் டிக் போட்டாள். வம்பை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறந்தும் போனாள்.

அடுத்த இதழில் லாயிடின் குறிப்புகள் அறுபது, அத்தனையும் பிழைத் திருத்தம். கடைசிப் பக்க ஓரம் காலி. என்னவோபோல் இருந்தது அவளுக்கு. பழைய இதழைத் திறந்தாள்.

"தங்கச்சியப் பாக்க கனடா போறேன். பத்தொன்பதாம் தேதி உங்க ஊர் வழியாத்தான். காலைல பத்து மணிக்கு ஏரிக்கரை காபிக்கடைல சந்திக்கலாமா? முடியாதுன்னா டிக் போடாதீங்க."

கீழே அவளுடைய பச்சை டிக்.

டோராவுக்குப் போன் செய்தாள். "மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தாராம். உனக்கு ஏதோ வேலைன்னு அவரே சமாதானம் சொல்லிக்கிட்டார்," என்றாள் டோரா. அந்தப் பத்தொன்பதாம் தேதி காலை கிரெட்டா, அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

காலியான ஓரத்தில் எழுதினாள். படிக்காமலே டிக் போட்டுவிட்டதை ஒளிக்காமல் சொன்னாள். விவாகரத்தான வருடத்தைப் பற்றியும் சொன்னாள். "மன்னிச்சிடுங்க வாத்தியாரே. நானே அங்க வரட்டுமா?" என்று முடித்தாள்.

மறுநாள் பார்த்தபோது பதில் எதுவும் இல்லை. அவள் எழுதியது உட்பட அந்த இதழின் எல்லாக் குறிப்பின் மேலும், ஒரே நேரத்தில், லாயிடின் பெயரில் பச்சை டிக் விழுந்திருந்தது.