நாளைய உதைகள்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அடுத்த நிறுத்தம் வருவதற்குள்ளேயே அதன் கணக்கையும் எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொள்ளும் ரகம். நான் மாசமானதும் சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையும் அவர் கைக்குப் போனது. நான் எழுதினால் கோழி கிளறியது போல இருக்குமாம்.

சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகப் படு, குழந்தை உதைக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடு, பத்து வந்தால் போதும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இவரோ டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே பத்தையும் போட்டுவிடுவார். கேட்டால், எப்படியும் உதைக்கத்தானே போகிறது என்பார். விஷயம் தெரியாத நர்ஸ் அந்த அட்டையை மற்றப் பெண்களுக்குத் தூக்கிக் காட்டி, புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சினார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. படுத்தேன், எழுந்தேன், ஜில்லென்று தண்ணீர் குடித்தேன், அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வயிறு அப்படியே கனத்துக் கிடந்தது. மதியம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். தூங்குகிறது போல, சும்மா மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். நர்ஸ் அட்டையைப் பிரித்தார். இன்றைக்குப் பத்துக் கோடும் இருக்கிறதே, வீணாகப் பயப்படாதே, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மானத்தைக் காப்பாற்ற என் பிள்ளையா கிடைத்தது?

"அக்கா, அது எதுவும் என் வயித்துல நடந்தது இல்ல. இவர் காலையிலயே எழுதி வச்சது. நாளைக்கும் போட்டாச்சு, பாருங்க."

நர்ஸ் அடுத்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். என்னைப் படுக்கவைத்து, இதயத் துடிப்பு பார்க்கும் கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்தித் தேடினார். துடிப்பு கிடைத்தது, ஆனால் ரொம்ப மெதுவாக இருந்தது. உடனே வண்டிக்குச் சொல்லச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதே, எப்போதிலிருந்து அசைவு இல்லை என்று டாக்டரம்மா இவரைத்தான் கேட்டார். பழக்க தோஷத்தில் அட்டையைப் பிரித்தவர் மூடிவிட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. அவளைக் கேளுங்க."

சொன்னேன். நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்ததும் மகள் அழவில்லை. அவளைச் சுற்றி நின்றவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ஒரு சின்னக் குரல் வந்தது, பிறகு பெரிதாகவே வந்தது. கதவுக்கு வெளியே இவர் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவதாகவும், உள்ளே விடலாமா என்றும் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் வந்து கேட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்றேன்.