கதவுக்கு வைத்த செருப்பு

தங்கை அக்காவின் தலைக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். ஆட்கள் வந்து போகிறார்கள், அறைக் கதவைச் சாத்து என்றார். தங்கை காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இன்றைக்காவது இந்தக் கதவைச் சாத்த விடக் கூடாது.

காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் குடும்ப டாக்டர். இப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வயிற்று வலி என்பாளாம், தலைவலி என்பாளாம், தூக்கமே இல்லை என்பாளாம். எந்தச் சோதனையிலும் ஒன்றும் இருக்காதாம். எல்லாம் மனப்பிரமையாம்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணைக்கு அவளும் கிளினிக் போயிருக்கிறாள். ஏசி வீணாகிறது என்று டாக்டர் கதவைச் சாத்துவார். அந்த நொடியில் அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். பார்வை கதவிலேயே நிற்கும், கேட்டதற்குப் பதில் வராது. எங்கே வலி, எப்போது வலி, எல்லாம் அம்மாதான் சொல்வாள். டாக்டரும் அம்மாவைப் பார்த்தே மருந்து எழுதுவார்.

வீட்டில் அக்காவின் அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். அம்மா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம்.

தங்கை கூடத்துக்கு வந்தாள்.

"டாக்டர், ஒரு தடவையாவது அம்மாவ வெளிய உக்கார வெச்சிட்டு, கதவத் திறந்து வெச்சு, உனக்கு என்னம்மா நடந்துச்சுன்னு அவகிட்ட கேட்டிருக்கீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா வாயத் திறந்து எதுவும் சொல்லலையேம்மா."

"திறக்க விட்டீங்களா?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாதான் முந்திக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணும் நடக்கல டாக்டர். சின்ன வயசுலேருந்தே பயந்த சுபாவம்."

"செத்ததுக்கு அப்புறமும் அவளுக்கு நீதான் பதில் சொல்லுவியாம்மா?"

பக்கத்து வீட்டுக்காரி மெல்ல எழுந்து நின்றாள். அப்பா, போதும் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, அறைக் கதவை நோக்கி நடந்தார்.

தங்கை அவரை முந்திக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அக்காவின் ரப்பர் செருப்பு அங்கேதான் இருந்தது. இடது செருப்பின் முனை நசுங்கித் தேய்ந்திருந்தது. தினமும் படுக்கும் முன் அக்கா செய்வதைப் போலவே, அதைத் திறந்திருந்த கதவுக்கு அடியில் செருகிக் குதிகாலால் அழுத்தினாள்.

அப்பா கதவைச் சாத்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை.